கடல் கழுகு போட்ட மீனுக்கு நான் பொறுப்பில்லை

மைசூர்,
யுவ வருஷம், தை மாதம், திங்கட்கிழமை.

ஸ்ரீரங்கப்பட்டணம் சேஷகிரி ஐயர் அவர்களுக்கு, தங்களைச் சம்பந்தி என்று அழைக்கும் பாக்கியத்துக்குக் காத்திருக்கும் பஞ்சநதம் அநேக நமஸ்காரம் செய்து எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் க்ஷேமம். தங்கள் அகத்தில் யாவரும் சௌக்கியமாயிருக்க ரங்கநாதன் அருள வேண்டும்.

என் பெண் லலிதாம்பாளுக்கும் தங்கள் பிள்ளைக்கும் நடக்கவிருந்த நிச்சயதார்த்தத்தைத் தாங்கள் நிறுத்தி வைத்திருப்பதாக இன்று காலை தெரியவந்தது. சொன்னவன் என் மைத்துனன் சாம்பு. அவனிடம் சொன்னவர் தங்கள் அகத்துப் புரோகிதர். நான் கடல் தாண்டினேனாம். தாண்டிய இடத்தில் மீனும் சாப்பிட்டேனாம். முதலாவது பாதி உண்மை. இரண்டாவது முழுப் பொய்.

நானும் சாம்புவும் உடுப்பிக்குக் கிருஷ்ண தரிசனத்துக்குத்தான் போனோம். தரிசனம் ஆனதும் சாம்பு, "அத்திம்பேர், மல்பேயில் படகேறினா ஒரு தீவு. மனுஷாளே கிடையாது. பட்சியும் பாறையுந்தான்" என்றான். கடலைத் தாண்டி அக்கரை சேர்வதைத்தான் சாஸ்திரம் தடுக்கிறது. அந்தத் தீவிலிருந்து பார்த்தால் இக்கரைத் தென்னைமரம் தெரிகிறது. ஆகவே நான் கடலைத் தாண்டவில்லை. கடலுக்குள் கொஞ்சம் நகர்ந்தேன். வழியில் ஓர் ஆமை தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மூழ்கிற்று. தீவில் கரும்பாறைகள் கோயில் தூண்போல் பட்டை பட்டையாக நிற்கின்றன. இடுக்குகளில் அலை ஏறி, பால் பொங்கினாற்போல் வழிகிறது. எதையும் நான் ரசிக்கவில்லை.

அன்று அமாவாசை, பௌர்ணமி போன்ற பர்வ தினம் இல்லை. பர்வம் அல்லாத நாளில் சமுத்திரத்தைத் தொடலாகாது என்பது தாங்கள் அறிந்ததே. அதனால் படகுக்காரர் என்னைத் தோளில் சுமந்து மணலில் இறக்கினார். இறக்கிய இடத்துக்கும் அலை வந்தது, ஒரு பாறைமேல் ஏறினேன், அங்கேயும் துளி தெறித்தது, அதற்கும் மேலே ஏறினேன், கடைசியில் தீவிலேயே உசரமான பாறையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சாதத்தைப் பிரித்தேன். அந்த மரத்தில் கடல் கழுகு கூடு கட்டியிருப்பதை ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. ஜோடியில் ஒண்ணு சமுத்திரத்தில் பாய்ந்து மீனோடு வந்தது, இன்னொண்ணு பிடுங்கப் பார்த்தது, ரெண்டுக்கும் நடுவிலே பாதி மீன் நழுவி நேரே என் புளியோதரையிலே விழுந்தது.

"அத்திம்பேர், கழுகே பரிமாறறது, வேண்டாம்னா மரியாதையில்லை!" என்று சாம்பு விழுந்து விழுந்து சிரித்தான். "இறங்கி வாங்க சுவாமி, அலை ஏறுது!" என்று படகுக்காரர் கன்னடத்தில் கத்தினார். மீன் பட்டதற்கு ஸ்நானம் பண்ணாமல் எப்படி இறங்குவது? தீவில் நல்ல தண்ணீர் சொட்டுக்கூட இல்லை. சுற்றிலும் இருக்கிற தண்ணீரைத் தொடக்கூடாது. பாதி இறங்கி நின்று இதையே யோசித்துக்கொண்டிருந்தபோது ஓர் அலை வந்து என்னைத் தலையோடு முழுக்காட்டிவிட்டுப் போய்விட்டது. நான் அதைத் தொடவில்லை. அதுதான் என்னைத் தொட்டது.

மீனைக் கழுகே திரும்ப எடுத்துக்கொண்டது, புளியோதரையோடு. சாட்சி சாம்பு. இந்தக் கதையை ஊர் முழுக்கச் சொன்னவனும் சாம்புவே. அவன் சொல்லச் சொல்ல, மீன் இலையிலிருந்து என் வாய்க்குப் போய்விட்டது.

லலிதா ஒன்றும் பேசவில்லை. ஒரு பாட்டம் அழுதால்கூடத் தேவலை. அப்பன் செய்ததற்குக் குழந்தை என்ன பண்ணுவாள்? எந்தப் பிராயச்சித்தம் சொன்னாலும் செய்கிறேன். இனி நான் குக்கரஹள்ளி ஏரிக்கரைக்குக்கூடப் போகமாட்டேன். என் குடும்பத்தில் எவரும் கடல் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். இது சத்தியம்.

மாமிக்கு என் நமஸ்காரம். தங்கள் பிள்ளைக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பஞ்சநதம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சாம்பு மறுபடி வந்தான். தங்கள் தர்மபத்தினி ரங்கம்மா மாமி நேற்று காவேரிப் படித்துறையில் அவனை நிறுத்தி, "அந்தக் கழுகையெல்லாம் பொம்மனாட்டிகள் போய்ப் பார்க்கலாமோ? படகில் இடம் இருக்குமோ?" என்று கேட்டாராம். என் சம்சாரம் காமாக்ஷி என்னை ஒரு வார்த்தை கேட்காமல், "பேஷா வரச்சொல்லு, நாங்களும் போறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். லலிதா வாயைத் திறந்து, "எந்த ரயில்?" என்று கேட்டாள். வியாழக்கிழமை காலை மாமி, காமாக்ஷி, லலிதா மூவரும் சாம்புவோடு கிளம்புகிறார்கள். இது தங்களுக்குத் தெரியுமா என்பது இன்னும் உறுதியாகவில்லை. தெரியாவிட்டால், வியாழக்கிழமை காலைக் காப்பி வராதபோது தெரியவரும்.