ஒரு புள்ளிகூட இல்லாத மீன்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
14-11-1993

சிரஞ்சீவி மாப்பிள்ளை கண்ணபிரானுக்கு, மாமனார் உப்பிலி ஆசீர்வாதம் செய்து எழுதுவது. ஆண்டாள் கிருபையில் நான், மகள் மரகதவல்லி, பேரன், தாங்கள் சிமெண்டுத் தொட்டியில் விட்டுப்போன கோய் என்கிற ஜப்பான் அலங்கார மீன் குஞ்சுகள் எல்லோரும் சௌக்கியம். மீன்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

"வளர்ந்தால் பரிசு வாங்கக்கூடியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுங்கள், தை மாதம் மெட்ராஸ் கண்காட்சிக்கு வேண்டும்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினீர்கள். தாங்கள் என்னை நம்பி ஒப்படைத்த முதல் காரியம். மாமாவுக்குப் பார்த்து பஸ் ஏறக்கூடத் தெரியாது என்று ஒருதரம் சொன்னீர்களே, அது இன்னும் மனதில் தைத்துக் கிடக்கிறது. இதிலாவது பேர் வாங்கிவிட வேண்டுமென்று ராஜபாளையத்திலிருந்து முத்துவீரனை வரவழைத்தேன். கண் திறக்காத ராஜபாளையம் நாய்க்குட்டியைப் பார்த்தே அது எப்படி வளரும் என்று சொல்லுகிற மனிதர். நாயானால் என்ன, மீனானால் என்ன, குட்டி குட்டிதானே. மரகதவல்லி பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள், அவளைக் கேட்கவில்லை. வந்தவர் பிடரியைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கணும் என்றார், மீனுக்குப் பிடரி எங்கே என்று இருவரும் தேடியதில் ஒன்று நழுவி என் வேட்டி மடிப்புக்குள் போய்விட்டது, அதை எடுக்க நான் போட்ட ஆட்டத்தை எதிர்வீட்டில் எல்லோரும் நின்று பார்த்தார்கள், அப்புறம் வெள்ளைக் குட்டிகளில் செவிடு பிறப்பதுண்டு என்று சொல்லித் தொட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டினார், எல்லாம் சிதறி ஓடின, ஆக காதில் பழுதில்லை. கடைசியில், "உடம்பு வெள்ளை வெளேர்னு இருக்கணும், மூக்கு ரோஸா இருக்கணும். ஒரு புள்ளி இருந்தாலும் கலப்புய்யா, தள்ளிருங்க" என்றார். அப்படியே செய்தேன். சிவப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாய் இருந்ததையெல்லாம் பக்கத்துவீட்டு பக்கீர் முகமது கிணற்றில் கொசுவுக்காக விட்டாயிற்று. "பாக்க அம்புட்டு அழகா இருக்கே சாமி" என்று அவர் இழுத்தார். அவருக்கு என்ன தெரியும்.

இப்போது தொட்டியில் ஒரே மீன், வெளுத்த வேட்டி மாதிரி. தாங்கள் பெண் பார்க்க வந்த அன்று, காபி ஆறுவதற்குள் தங்களை எடைபோட்ட கண் இது. தப்பாது.

தாங்கள் நீண்ட ஆயுளோடும் தை மாதத்து மெடலோடும் இருக்க வடபத்ரசாயியைப் பிரார்த்திக்கும்,
உப்பிலி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மரகதவல்லி வாங்கிப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். திட்டுத்திட்டாய் இருப்பதுதான் பரிசு மீனாம், வெறும் வெள்ளையைத்தான் முதலில் கழிப்பார்களாம். மேலே எழுதியது எதையும் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். கூடவே இன்னொன்றும் சொன்னாள்: "காபி ஆறதுக்குள்ள நீங்க வேண்டாம்னுதானேப்பா சொன்னேள். நான்தான் ஒத்தைக்கால்ல நின்னு இவரைப் பண்ணிண்டேன்." அது வாஸ்தவம். ஆகையால் மீன் விஷயத்தையும் அவள் கண்ணுக்கே விட்டுவிட்டேன். வாளியோடு பக்கீர் வீட்டுக் கிணற்றடியில் நிற்கிறாள்.