தானாகத் துள்ளும் மோட்டார் குறித்து மாப்பிள்ளைக்கு

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். அங்கு நீங்களும் தங்கையும் குழந்தைகளும் நலம் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் பட்டறையில் செய்த லேபிள் ஒட்டும் இயந்திரத்தை எங்கள் மருந்துத் தொழிற்சாலை என் சிபாரிசில்தான் வாங்கியது. இதை மேலாளர் தினமும் இரண்டு தடவை எனக்கு ஞாபகப்படுத்துகிறார். முதல் வாரம் சாதுவாக இருந்த செர்வோ மோட்டார், போன திங்கள் முதல் தன் இஷ்டத்துக்குத் துள்ளுகிறது. லேபிள் மூடியில் ஒட்டுகிறது, அடியில் ஒட்டுகிறது, பாட்டிலில் மட்டும் ஒட்டுவதில்லை. நேற்று குனிந்து பார்த்த மேலாளரின் சட்டைக் கையில் 'நன்றாகக் குலுக்கவும்' என்று ஒட்டிவிட்டது. "வியாழனுக்குள்ள சரியாகலேன்னா மிஷின் திரும்பப் போகும். கூடவே நீங்களும் போகலாம்" என்றார். நாளை வியாழன்.

போனில் நீங்கள் சொன்னது: "மச்சான், மோட்டார் கேபிளைச் சுத்தி ஒரு கம்பி வலை இருக்கில்ல, அது கிளாம்ப் வழியா பேனலோட இரும்புத் தகட்டை நல்லாத் தொடணும். தொடலேன்னா, மோட்டாரை ஓட்டுற டிரைவோட மின் இரைச்சல் சிக்னல் கேபிள்ல ஏறி அதைத் துள்ள வச்சிடும்." பார்த்தேன். கிளாம்ப் இறுக்கமாகவே இருக்கிறது. இருபத்திரண்டு வருட எலக்ட்ரீஷியனுக்குக் கிளாம்ப் பாடம்! இருந்தாலும் மாப்பிள்ளை சொல்லாயிற்றே என்று இரண்டு கேபிளையும் தள்ளித் தள்ளி வைத்தேன், துள்ளியது. தனியாக எர்த் குழி வெட்டினேன். குடிநீர்க் குழாய் உடைந்தது, மோட்டார் அப்போதும் துள்ளியது. என் பொறுப்பில் உள்ள பேனல் உள்ளே பளபளவென்று இருப்பதை வந்தவர்கள் எல்லாம் பாராட்டுகிறார்கள். ஆகவே குறை உங்கள் டிரைவில்தான். நாளை மேலாளரிடம் அப்படியே எழுதிக் கொடுக்கப்போகிறேன். தங்கை முகம் நினைவுக்கு வந்து வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வேலையும் போய்விடக் கூடாது அல்லவா?

தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் மனசு கேட்காமல் கிளாம்பைக் கழற்றிப் பார்த்தேன். அடியில், தகட்டைத் தொடவிடாமல், இளம்பச்சைப் பெயின்ட். போன ஞாயிறு, வெறும் தகடு கண்ணுக்கு நன்றாக இல்லையே என்று எல்லாவற்றையும் கழற்றி இரண்டு கோட் அடித்து மறுபடி பூட்டியவன் நான்தான். சுரண்டிவிட்டேன், மோட்டார் வாலைச் சுருட்டிக்கொண்டது. "மாப்பிள்ளை போன்லயே கண்டுபிடிச்சிட்டார்" என்று மேலாளரிடம் சொன்னேன். இன்னும் இரண்டு இயந்திரம் வேண்டுமாம். பேனலுக்குள் 'பெயின்ட் அடிக்காதே' என்று ஒரு லேபிள் ஒட்டி அனுப்புங்கள். யாருக்காக என்று தங்கையிடம் சொல்ல வேண்டாம். வேறு காகிதம் இல்லாததால், மேலே உள்ளதைப் படிக்காமல் இதை மட்டும் படிக்கவும்.