பதிமூன்று வார லீவ்

இந்த ஒரு தடவையாவது பெண்டாட்டியிடம் நேராகச் சொல்லிவிடுவது என்று மெர்வின் டக்வெல் கொட்டகைக்குள் நின்று சபதம் செய்தான். மூன்று மாதமாகத் தினமும் செய்கிறான். கேட்க அங்கே தூண்டில் பெட்டி மட்டும்தான்.

துறைமுக ஊரான போர்ட் பிரியின் உருக்காலையில் வருஷக்கணக்காக உழைத்தவனுக்குப் பதிமூன்று வாரம் லீவ் உண்டு. வாங்கிவிட்டான். காருக்குப் பின்னால் கேரவன் வீட்டை இழுத்துக்கொண்டு வளைகுடாவின் அக்கரைக்குப் போக வேண்டும், கிழங்கான் மீன் பிடிக்க வேண்டும், தனியாக. அந்தக் கடைசிச் சொல்லில்தான் தினமும் சபதம் நின்றுபோகும். கேரவனைக் கப்பலில் ஏற்றி, கடலுக்கு அப்பால் ஹோபார்ட்டில் இருக்கும் அக்காவைப் பார்த்து வரலாம் என்று க்ளெனிஸ் ஒன்பது வருஷமாகக் கேட்கிறாள். ஒன்பது வருஷமும் லீவ் இல்லை என்று சொல்லியே ஓட்டியிருந்தான்.

வியாழன் சாயங்காலம், வறுத்த ஆட்டிறைச்சிக்கும் பட்டாணிக்கும் நடுவே வாயைத் திறந்தான்.

"க்ளென், நான் லீவ். பதிமூணு வாரம்."

சாஸ் பாட்டிலைத் தட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "யாரை?"

"யாரையுமில்ல. வேலையிலேர்ந்து."

"நானும் வரேனா?"

மெர்வின் பட்டாணியை ஒவ்வொன்றாகக் குத்தினான்.

"அப்ப என்னை விட்டுட்டுத்தான் போற. லீவுக்கும் விட்டுட்டுப் போறதுக்கும் நம்ம ஊர் இங்கிலீஷ்ல ஒரே வார்த்தைதானே, மெர்வ்."

"ஒரு வார்த்தையப் புடிச்சுக்கிட்டுத் தொங்காத."

"வார்த்தையை இல்ல. முப்பத்தொரு வருஷமா உன்னைப் புடிச்சுக்கிட்டுத் தொங்குறேன். கை வலிக்குது."

அதோடு சரி. அழவில்லை, தட்டு உடையவில்லை. கேரவனுக்கு டயர் பார்க்கணும், கேஸ் நிரப்பணும் என்று அவன் இழுத்தபோது, "எங்கிட்ட விட்டுடு" என்றாள். அந்த 'விட்டுடு'வும் அவர்கள் பேச்சில் லீவ்தான். அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் வேலியருகே பக்கத்து வீட்டு டட்லியிடம், க்ளெனிஸ் தடுக்கவே இல்லை என்று பெருமையடித்துக்கொண்டான். டட்லி இரண்டு தடவை கல்யாணம் செய்து இரண்டு தடவையும் தனியானவன்.

"டயருக்குக் காத்தடிச்சது யாரு?"

"அவதான்."

டட்லி வேலிமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான். "நானா இருந்தா இன்னைக்குக் கார் சாவியத் தலையணைக்கடியில வச்சுக்கிட்டுப் படுப்பேன், மெர்வ்."

பொறாமை என்று மெர்வின் நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலை தூண்டில் இரைக்கு மட்டி வாங்கக் கிளம்பினான். கார் சக்கரத்தை இன்னும் பார்க்கவில்லை, நடந்தே போ என்றாள் க்ளெனிஸ். போனான். பையில் மட்டி சொட்டச் சொட்டத் திரும்பி வந்தபோது கார் இல்லை. கேரவன் நின்ற இடத்தில் வெளுத்த புல் மட்டும் நீள்சதுரமாகக் கிடந்தது.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள். அவனுடைய லீவ் படிவத்தின் நகல். மூன்று மாதமாகத் தூண்டில் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்தது. பெட்டியைத் தவிர வேறொரு காதும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பெயர் என்ற இடத்தில் மெர்வினை அடித்துவிட்டு க்ளெனிஸ் என்று எழுதியிருந்தாள். பணிக்காலம், முப்பத்தொரு வருஷம். செல்லும் இடம், ஹோபார்ட். லீவை அனுமதித்தவர் என்ற இடத்திலும் அவள் கையெழுத்தே. திரும்பும் தேதியை அடித்துவிட்டு, பக்கத்தில் வேறு எதுவும் எழுதாமல் காலியாக விட்டிருந்தாள்.

அப்படி விடுவதற்கும் அந்த ஊரில் அதே வார்த்தைதான்.