கித்தாருக்குப் பார்த்த மாப்பிள்ளை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டு புதுச்சேரியில் ஒரு மாபெரும் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. கித்தாருக்கும் ஜாதகம் உண்டு என்று கண்டுபிடித்தார்கள். மனிதர்களுக்கெல்லாம் ஜாதகம் பார்த்து முடித்து, அத்தனை பேரும் சுகமாக வாழ்ந்துகொண்டிருந்ததால், பாக்கியிருந்தது கித்தார் மட்டும்தான் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலைகளில் உப்பளம் பகுதியில் ஒரு ஓட்டு வீட்டு வாசலில் வரிசை நிற்கும். மண்ணெண்ணெய்க்கு அல்ல. ஆளாளுக்குக் கையில் மஞ்சள் துணி சுற்றிய கித்தார். கல்யாணப் பெண்ணை முகூர்த்தத்துக்கு முன்னால் கண்டவனெல்லாம் பார்க்கலாமா? அதனால்தான் துணி. கித்தார் பெண். பிக்கப் மாப்பிள்ளை.

பிக்கப் என்பது தீப்பெட்டி அளவுள்ள ஒரு சாமான். கித்தாரின் ஓசையை வாங்கி ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். மெல்லிசைக் கச்சேரியில் தபேலாவும் டிரம்மும் முழங்க ஆரம்பித்தால் கித்தார் இருக்கிற இடமே தெரியாது. மைக்கைக் கொண்டுபோய் அதன் வயிற்றருகே வைத்தால் ஸ்பீக்கர் ஊளையிடும். ஆகவே பிக்கப் தேவைதான். எந்தக் கித்தாருக்கு எது சரிப்படும் என்று கடைக்காரனைக் கேட்டிருக்கலாம். பொருத்தி, வாசித்து, காதால் கேட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் சொந்தக் காதை நம்புகிற அளவுக்கு நம் ஜனங்கள் ஏமாளிகள் இல்லையே!

அவர்கள் நம்பியது நாதசித்தரை. சித்தராவதற்கு முன்னால் அவர் பெயர் காத்தவராயன். பழைய ரேடியோ, டெலிபோன் சாமான்களை எடைக்கு வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் கனவில் நாதம் வந்து பேசியதாம். எடைக்குப் போட்ட சாமானெல்லாம் அன்றிலிருந்து மந்திரித்த சாமான் ஆகிவிட்டது.

கித்தார் வீட்டுக்கு வந்த மாதம் எது, முதலில் அதைத் தொட்டது யார் என்று விசாரித்து, நட்சத்திரமும் கணமும் சொல்வார். பிறகு மூன்று மாப்பிள்ளைகளை ஒவ்வொன்றாக மஞ்சள் துணிமேல் வைத்து, நூலில் கட்டிய ருத்திராட்சத்தை மேலே தொங்கவிடுவார். முதல் இரண்டும் விலை குறைந்தவை. ருத்திராட்சம் அசையாது. மூன்றாவது விலை கூடியது. அதை வைத்ததுதான் தாமதம், ருத்திராட்சம் துள்ளிப் போய் அதன் பக்கமே சாய்ந்து நிற்கும். "பத்துக்குப் பத்துப் பொருத்தம்!" என்று சித்தர் கத்துவார், கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். வசதியான மாப்பிள்ளையைத் தவிர வேறு எவனையும் எந்தக் கித்தாரும் விரும்பியதே இல்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கமலவேணி இந்தக் கூட்டத்தில் தானாக வந்து சேர்ந்தவள் அல்ல. தெய்வசிகாமணி மெல்லிசைக் குழுவில் கித்தார் வாசிப்பவள். அம்மா அஞ்சலாட்சி பஞ்சாலையில் வேலை பார்ப்பவள். பக்கத்து வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு சொல்தா, பிரான்சுக்கே குடிபோகும்போது தன் கித்தாரை இவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஊரில் மற்றவர்கள் கித்தாருக்கெல்லாம் இரும்புக் கம்பி. இவளுடையதற்கு மட்டும் நைலான் நரம்பு.

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் கச்சேரி ஒப்பந்தமாகியிருந்தது. ஊரே திரளும் மேடை. இத்தனை நாளும் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் வாசிப்பைத் தானே கேட்க முடியாமல் வாசித்தவள் கமலவேணி. இந்த முறை ஜனங்கள் காதில் விழ வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை. குழுத் தலைவர் தெய்வசிகாமணியும் நல்ல மனுஷர்தான். சித்தரிடம் போய்ப் பொருத்தம் பார்த்து, மூன்றாவது மாப்பிள்ளையையே வாங்கி வந்தார்.

ஒத்திகையில் கித்தாரின் வாய்க்குக் குறுக்கே அதைப் பொருத்தி, ஆம்ப்ளிஃபயரைப் போட்டார்கள். கமலவேணி மீட்டினாள். ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை.

சித்தரைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் கித்தாரைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தார்.

"பொண்ணு மேலயும் குத்தமில்ல, மாப்பிள்ள மேலயும் குத்தமில்ல. மீட்டுற கையில ஓசைக்கொல்லி தோஷம் இருக்கு. இந்தக் கை மேடை ஏறினா மைக் செட்டே எரிஞ்சி போவும். வெள்ளிக்கிழம பரிகாரத்துக்கு அழைச்சிட்டு வா."

தெய்வசிகாமணிக்கு வேர்த்துவிட்டது. "மனசுல வச்சிக்காத தங்கச்சி. இந்த மாசி மகத்துக்கு எம் மச்சான் வாசிக்கட்டும். அப்பறமா பாப்போம்."

வாசிப்பு சரியில்லை என்று சொல்லியிருந்தால் உட்கார்ந்து பழகியிருப்பாள். கையே சரியில்லை என்றால் கழற்றியா வைக்க முடியும்? அன்று சாயங்காலத்துக்குள் செய்தி தெருவுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி தன் இட்லி மாவுக் குண்டானை இழுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். ஓசையைக் கொல்கிற கை, மாவைப் புளிக்க விடுமா என்ன!

கமலவேணி அழுதாள். அழுதுகொண்டே பிக்கப்பைக் கழற்றிப் பாயில் போட்டாள். பாயில் கிடந்த கொண்டை ஊசி நகர்ந்து போய் அதில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தாள். மறுபடி ஒட்டியது. அழுகை நின்றுவிட்டது. நைலான் நரம்பில் வைத்துப் பார்த்தாள், ஒட்டவில்லை. மேல் வீட்டு இராமதாஸிடம் அறுந்த கித்தார்க் கம்பி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து வைத்தாள், பச்சென்று ஒட்டிக்கொண்டது.

"எம்மா, இதுக்குள்ள காந்தம் இருக்கு. இரும்பு ஆடினாத்தான் இதுக்குக் காது கேக்கும். நைலான் எவ்ளோ ஆடினாலும் தெரியாது. எங் கைக்கு ஒண்ணுமில்லம்மா!"

"அது சரிடி. ருத்திராட்சக் கொட்டைக்குக் காந்தத்து மேல என்னா பாசம்? அது ஏன் அங்க போயி சாயுது?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி. கேட்டுவிட்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை வரிசையில் அஞ்சலாட்சி முன்னால் போய் நின்றுகொண்டாள். கையில் மஞ்சள் துணி சுற்றிய மூட்டை. பரிகாரத்துக்காகத் தெய்வசிகாமணியோடு வந்த கமலவேணி, பிக்கப் பொருத்திய தன் கித்தாரோடு சுவரோரமாக நின்றாள்.

"எம் மவனோட கித்தாரு சாமி."

"எப்ப வீட்டுக்கு வந்தது?"

"பொங்க சந்தையில வாங்கினது சாமி."

"மொதல்ல தொட்டது யாரு?"

"நாந்தான். எங் கையிலதான் மொதல்ல சத்தம் போட்டுச்சி."

"தாய் கைராசி! ரேவதி நட்சத்திரம், தேவ கணம்!" என்றார் சித்தர். முதல் மாப்பிள்ளை, அசைவில்லை. இரண்டாவது, அசைவில்லை. மூன்றாவதை வைத்ததும் ருத்திராட்சம் துள்ளிச் சாய்ந்தது. "பத்துக்குப் பத்து! பூர்வஜென்ம பந்தம்!"

அஞ்சலாட்சி துணியை உருவினாள். உள்ளே ஒரு முறம். முறத்தோடு சேர்த்துக் கட்டிய ஓர் உலக்கை.

கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. சித்தர் அசரவில்லை. "அரிசி பொடைக்கிறப்ப ஓசை வருதில்ல? மொறமும் நாத வாத்தியந்தான்!" என்றார். நாலைந்து பேர் அதற்கும் தலையாட்டினார்கள் என்பதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

கமலவேணி பாய்ந்து ருத்திராட்சத்தைப் பிடுங்கித் தரையில் வைத்தாள். அஞ்சலாட்சி உலக்கையால் ஒரு போடு போட்டாள். கொட்டை பிளந்து, உள்ளேயிருந்து சைக்கிள் சக்கரத்தில் போடுகிற பால்ரஸ் குண்டு ஒன்று உருண்டு ஓடியது. அதை எடுத்து வைத்துப் பார்த்தால் மூன்றாவது மாப்பிள்ளையில் மட்டும் ஒட்டியது; முதல் இரண்டிலும் காந்தமே இல்லை.

"சரி தங்கச்சி, ருத்திராட்சம் பொய்யின்னே வையி," என்று தலையைச் சொறிந்தார் தெய்வசிகாமணி. "உங் கையில கித்தாரு பேசலியே, அது என்னா?"

அதற்குத்தான் அவள் காத்திருந்தாள். சித்தர் வாயாலேயே கைராசிக்காரன் என்று பட்டம் வாங்கிய இராமதாஸ் வரிசையில் தன் கித்தாரோடு நின்றிருந்தான்.

"அண்ணே, உங்களுத எங்கிட்ட குடுங்க. என்னுத நீங்க வாசிங்க. பிக்கப் ஒண்ணேதான், சாமியோட ஆம்ப்ளிஃபயரும் இங்கியே இருக்கு. எங் கையில தோஷமிருந்தா உங்க கித்தாரு ஊமையாவட்டும்."

இராமதாஸ் தன் ராசியான கையால் நைலான் நரம்பை மீட்டினான். சத்தமில்லை. இழுத்து இழுத்து மீட்டினான். சத்தமில்லை. அதே பிக்கப்பைக் கழற்றி அவனுடைய கித்தாரில் வைத்தாள் கமலவேணி. தோஷமுள்ள கை இரும்புக் கம்பியைத் தொட்டது. ஸ்பீக்கர் அதிர்ந்தது, ஓடுகள் அதிர்ந்தன, தெருவில் போன சைக்கிள்காரர்கள் இறங்கி எட்டிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவே இல்லை. தன் வாசிப்பு இவ்வளவு பெரிதாகத் தன் காதிலேயே விழுவதைக் கேட்டுக் கண் கலங்கியபடி ஒரு முழுப் பாட்டையும் வாசித்து முடித்தாள்.

அதற்குள் சித்தர் தன் சித்துகளில் ஒன்றைச் செய்து காட்டியிருந்தார். பின்கட்டு வழியாக மாயமாய் மறைந்துவிட்டார். மாப்பிள்ளைகளைக் கூட எடுத்துப் போகவில்லை.

"மன்னிச்சிக்க தங்கச்சி. மாசி மகத்துக்கு நீதான்," என்றார் தெய்வசிகாமணி. "முன்வரிசையில ஒக்காரு. ஆனா உன் நைலான் கித்தாருக்கு என்னா பண்றது?"

"மரத்துல ஒட்டுற பிக்கப் இருக்குண்ணே. கிராமபோன் ஊசித்தலையில வருமே, அந்தக் கிறிஸ்டல். நரம்பு எதுவானாலும் மரம் அதிருமில்ல, அந்த அதிர்வ அது வாங்கிக்கும். நேத்தே ரேடியோ கடையில ஒட்டி வாசிச்சிப் பாத்துட்டேன். கணீர்னு கேக்குது."

தெய்வசிகாமணி முகம் மலர்ந்தது. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நல்லதாப் போச்சி. இவன் ஃபிராடு பய. காலாப்பட்டுல ஒருத்தரு இருக்காராம், நெசமான ஆளாம். அந்தக் கிறிஸ்டல ஒட்டுறதுக்கு முந்தி அவருகிட்ட ஒரு எட்டு காட்டிட்டு வந்துடுவமா?"

"நீங்க மட்டும் போயிட்டு வாங்கண்ணே," என்றாள் கமலவேணி. "போறப்ப உங்க தலைய மஞ்சத் துணியில சுத்தி அவருகிட்டயே குடுத்துட்டு வந்துடுங்க. யோசிக்கறதுக்குன்னு ஒரு நாளாவது அத நீங்க எடுத்ததே இல்லியே!"