அன்புச் சொட்டு

கரையான்சாவடி கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை. கூட்டம் மட்டும் முகூர்த்த நாளைத் தோற்கடித்தது. சாப்பாடு கிடையாது என்று தெரிந்தும் வந்த கூட்டம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசல் பேனரில் அன்புச்சித்தர் பாண்டியன் கைகூப்பிச் சிரித்தார். மனச்சிதைவு நோயால் யாரோடும் ஒட்டாமல் ஒதுங்கி இருப்பவர்களின் மூக்கில் அவர் அன்புச் சொட்டு அடிப்பார். அடித்ததும் பேச்சு வரும். குப்பிக்குள் இருப்பது அன்பைச் சுரக்க வைக்கும் வெளிநாட்டு ஆக்ஸிடோசின் ஹார்மோனாம், பௌர்ணமியில் மந்திரித்ததாம். ஹார்மோனுக்குப் பௌர்ணமி எந்த வகையில் உறவு என்று யாரும் கேட்கவில்லை. இரண்டுமே புரியவில்லை, ஆகவே இரண்டுமே உண்மை.

ஒரே நிபந்தனை. டாக்டர் கொடுத்த மாத்திரையை மேடையில் உள்ள சொம்பில் போட்டுவிட வேண்டும். அன்பும் மாத்திரையும் ஒரே உடம்பில் குடியிருக்காதாம்.

திருமழிசையில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்யும் கன்னியம்மா, மகன் பரத்தின் மாத்திரை அட்டையோடு மேடையோரம் நின்றாள்.

"வாணாம்மா. இத்த நிறுத்தினா மறுபடியும் காதுல குரல் கேக்கும். போன தபா ஆஸ்பத்திரில கெடந்தத மறந்துட்டியா?"

"நீ நாலு பேராண்ட கலகலன்னு பேசணும்னு எனக்கு ஆச இருக்காதா, நைனா?"

"அதுக்குத்தான் ஆஸ்பத்திரில பேச்சுப் பயிற்சிக்குப் போய்க்கினு கீறேன்."

"அது மாசக்கணக்குல இழுக்குது. இங்க ஒரே சொட்டு."

மேடையில் தாட்சாயிணி என்ற பெண்ணுக்குச் சொட்டு விழுந்தது. "யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று சித்தர் உத்தரவிட்டார். மண்டபம் மூச்சடக்கியது.

"பேர் என்னம்மா?"

வெகுநேரம் மௌனம். பிறகு மெல்ல, "தாட்சாயிணி. பசிக்குது."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. அவள் அப்பா ஏகாம்பரம் தேம்பி அழுதார்.

அடுத்தது பரத். கன்னியம்மா சொம்புக்கு மேலே கையை நீட்டிவிட்டாள்.

"சித்தரே, நீங்களும் இத்த அடிச்சிக்கிறீங்களா?" என்றான் பரத்.

"தினமும். அதனாலதான் எனக்குக் கோபமே வராது."

"எங்கம்மா பாக்கட்டும். ஒரு தபா அடிச்சிக்குங்க." மேசைமேல் இருந்த குப்பியை எடுத்துக் கொடுத்தான்.

இரண்டு மூக்கிலும் அடித்தார். கண் செருகியது. "ஆகா, அன்பு பொங்குது. எல்லாரையும் கட்டிப் பிடிக்கணும் போல கீது."

பரத் சட்டைப்பையிலிருந்து இன்னொரு குப்பியை எடுத்தான். "உங்களுது இது. இப்ப அடிச்சிகினது, கீழ கெடந்த காலிக் குப்பில நான் ரொப்பின கேன் தண்ணி. எல்லாரும் தாட்சாயிணிய பாத்துகினு இருந்தப்ப மாத்தி வெச்சேன்."

பொங்கிய அன்பு திசைமாறியது. "டேய் பைத்தியக்கார நாயே, கைய ஒடிச்சிடுவேன்டா." மைக் இன்னும் ஆனில்தான் இருந்தது.

கன்னியம்மா மாத்திரை அட்டையைப் பைக்குள் வைத்தாள். "பத்தல போல, சித்தரே. இன்னொரு சொட்டு அடிச்சிக்கோ."

ஏகாம்பரம் கண்ணைத் துடைத்தார். "அப்ப எம் பொண்ணு எப்படிப்பா பேசிச்சு?"

"ஊட்ல அவங்கள யாராச்சும் பேர் கேட்டா யாரு சொல்றது, அண்ணாத்தே?" என்றான் பரத்.

"நான்தான். அது சொல்ல நேரமாவும்ல."

"இங்க நீங்க வாய மூடிகினு காத்துகினு இருந்தீங்க. அவங்க பேசினாங்க. அந்த ஹார்மோன வெச்சு டாக்டருங்க ஆராய்ச்சி பண்றாங்க, அதுவும் நான் போற மாதிரி பயிற்சியோட சேத்து. இன்னும் உறுதியா ஒண்ணும் சொல்லல. மாத்திரய நிறுத்துன்னு அவங்க யாரும் சொல்லவே இல்ல."

சித்தர் சமையல்கட்டு வழியாகக் கம்பி நீட்டினார். பின்வரிசையிலிருந்து ஒரு பக்தர் பரத்திடம் ஓடிவந்தார். "தம்பி, அது எந்தக் கம்பெனி கேன் தண்ணி?"

மனநோய்க்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வைத்திருந்த பரத் யோசித்தான். சீட்டே இல்லாதவர்களே, யோசிக்காமல் இருக்க உங்களுக்கு என்ன சாக்கு?