ஒன்பதாவது கட்டம்

இயற்கையை எப்படிக் காப்பாற்றுவது என்று உலகமே மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, எங்கள் ‘பசுமைச் சுற்றுலாப் பிரிவு’ ஒரே படிவத்தால் ஒரு ஏரியைக் காப்பாற்றிவிட்டது. அந்தப் படிவத்தைத் தயாரித்த பெருமை அடியேனைச் சேரும். மோட்டார் படகுகளுக்கான பழைய படிவத்தை எடுத்து, தலைப்பை மட்டும் பச்சை மையில் மாற்றினேன்.

பச்சைச் சான்றிதழ் இல்லாத படகு அடுத்த மாதம் முதல் ஏரியில் இறங்கக் கூடாது. முதல் ஆளாக வந்தார் துடுப்புக்காரர். முப்பது வருஷமாக அலுங்காமல் குலுங்காமல் ஓட்டிப்போய்ப் பறவை காட்டுகிறவர்.

“ஒன்பதாவது கட்டம் காலியா இருக்கே. இன்ஜின் நம்பர் எங்கே?”

“இன்ஜினே இல்லையே சார். கையால தள்ளுறேன்.”

“நம்பர் இல்லாம கம்ப்யூட்டர் ஏத்துக்காதே.”

“இந்தப் படகு நின்னா எங்க வீட்டு அடுப்பும் நின்னுடும் சார்.”

மனசு கேட்கவில்லை. இயக்குநரிடமே அழைத்துப் போனேன். அவர் ஏ.சி.யைப் பதினாறில் வைத்துக்கொண்டு, புவி வெப்பமாதல் பற்றிய உரையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

“உங்க ஒருத்தருக்காக இயற்கையை விட்டுக்கொடுக்க முடியுமா? ஒரு இன்ஜினை மாட்டிட்டு வாங்க. அன்னிக்கே கையெழுத்து.”

துடுப்புக்காரர் மனைவியின் தையல் மெஷினை விற்று, பழைய டீசல் இன்ஜின் ஒன்றை மாட்டினார். அது கக்கிய புகையில் இருமிக்கொண்டே நாங்கள் முதல் பச்சைச் சான்றிதழை வழங்கினோம். பலத்த கைதட்டல்.

பத்தே நாளில் ஏரியில் மருந்துக்குக்கூட ஒரு பறவை இல்லை. பயணிகள் தண்ணீரைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். மேலிடம் விளக்கம் கேட்டது. அவசரக் கூட்டம் கூடியது.

“இன்ஜின் சத்தமா இருக்குமோ?” வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

“அது சான்றிதழ் வாங்கின சத்தம்யா!” என்றார் இயக்குநர்.

அப்புறம் என்ன, அறிக்கையை நானே எழுதினேன்: ‘முப்பது ஆண்டுகளாகச் சத்தமே போடாமல் ஓட்டிப் பறவைகளுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்தவர் துடுப்புக்காரரே. எனவே உரிமம் ரத்து.’

மறுநாள் காலை, அறிக்கையும் கையுமாகத் துடுப்புக்காரரின் மனைவி வந்து நின்றார்.

“சத்தம் போடாம இருந்தது குத்தம்னு எழுதினது யாரு?”

நான் பேனாவை மேசை இழுப்பறைக்குள் தள்ளினேன்.

“சரி, அந்தக் குத்தத்தை நான் செய்யப்போறதில்லை” என்று ஆரம்பித்தார். தெருவே கூடிவிட்டது. முதலில் இயக்குநர் அறைக் கதவு சாத்திக்கொண்டது. அடுத்து, என் ஜன்னலை நானே சாத்தினேன்.