மனக்காயமில்லா நூறாவது நாள்

உலக நாடுகளெல்லாம் குழந்தைகளின் மனக்காயத்தை எப்படித் தடுப்பது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்க, நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக் அதைத் தடுத்தே விட்டது. செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த தன்னடக்கத்தோடு அறிவிக்கிறேன்.

எங்கள் 'குழந்தை மனக்காயத் தடுப்பு மற்றும் குடும்ப அரவணைப்புக் குழு'வின் தலைவர் சிங்காரவேலு, சுரங்கப் பாதுகாப்புப் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தை மனசும் கன்வேயர் பெல்ட்டும் அவருக்கு ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரு போர்டு வேண்டும். குழு அறை வாசலில் உடனே போர்டு ஏறியது: 'மனக்காயமில்லா நாட்கள்: 1'. தினமும் ஒன்றைக் கூட்டுவது என் பொறுப்பு. நூறு ஆனால் விழா, கேடயம். நடுவில் ஒரு குழந்தைக்கு மனக்காயம் என்று பதிவானால், சுரங்கத்தின் 'விபத்தில்லா நாட்கள்' போர்டு முறைப்படி மறுபடி பூஜ்யம்.

அறைக்குள் ஊஞ்சல், பொம்மை, வண்ண நாற்காலி எல்லாம் உண்டு. பிளாஸ்டிக் உறையை மட்டும் பிரிக்கவில்லை. பிரித்தால் பிள்ளைகள் விளையாடிவிடுவார்கள் அல்லவா?

தொண்ணூற்றாறாம் நாள் பொற்கொடி வந்தாள். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு, இங்கே கேன்டீனில் பாத்திரம் துலக்கும் கான்ட்ராக்ட் வேலை. அவள் கையைப் பிடித்தபடி ஏழு வயது மகள் இளவேனில்.

"சார், ஸ்கூலு லீவு வுட்டுட்டாங்க. எனக்கு மத்தியானம் ரெண்டு மணி ஷிப்ட். புள்ளய வூட்ல வெச்சிப் பூட்டிட்டு வரேன். அன்னிக்குக் கரண்டு போயி, இருட்டுல கத்திகினே கெடந்திருக்கு. அதுலேர்ந்து கதவச் சாத்தினாலே நடுங்குது. ராத்திரி பத்து மணி வரிக்கும் இந்த ரூம்ல குந்தியிருக்கட்டுங்க."

குழு அவசரமாகக் கூடியது.

"நடுங்குதா? ஐயோ, அது மனக்காயம்தான்," என்று கண் கலங்கினார் பொருளாளர் விஜயகுமாரி.

"பதிவு பண்ணினா போர்டு பூஜ்யமாயிடும்மா," என்றார் தலைவர்.

விஜயகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "குளிர்லகூட நடுங்கும் சார்."

அது மே மாதம்.

தலைவர் பொற்கொடியிடம் திரும்பினார். "நீ பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?"

"கான்ட்ராக்ட்டுங்க."

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா! நாங்க தடுக்கறது பர்மனென்ட் வீட்டு மனக்காயம். உன் பொண்ணுக்கு வந்திருக்கறது கான்ட்ராக்ட் மனக்காயம். கான்ட்ராக்டரைத்தான் கேக்கணும்."

"அவருதாங்க உங்களக் கேக்கச் சொன்னாரு."

"பரவாயில்லையே, நல்ல வழி காட்டியிருக்கார். 'குடும்ப அரவணைப்பு: ஒன்று'ன்னு எழுதிக்குங்க செயலாளர்."

எழுதிக்கொண்டேன்.

நூறாம் நாள் விழா. மேளம், சால்வை எல்லாம் ஆன பிறகு, கேடயத்தைப் பிடிக்க ஒரு குழந்தை வேண்டும் என்றார் போட்டோகிராபர். பிளாக் குழந்தைகள் அத்தனை பேரும் நீட் கோச்சிங்கில் இருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூட.

நானே கேன்டீனுக்கு ஓடி, பொற்கொடியிடம் வீட்டுச் சாவியை வாங்கி, மந்தாரக்குப்பம் போய்ப் பூட்டைத் திறந்து, இளவேனிலை அழைத்து வந்தேன். உறை போட்ட ஊஞ்சலில் இரண்டு நிமிடம் ஆடினாள். சிரித்தாள். கேமரா மின்னியது. தலைவர் கைதட்டினார்.

திரும்பும் வழியில் வண்டியின் பின்னாலிருந்து கேட்டாள்:

"மாமா, நீங்களுமா வெச்சிப் பூட்டுவீங்க?"

வீடு வந்ததும் அவளை உள்ளே விட்டேன். கதவைச் சாத்திப் பூட்டினேன். இரண்டு முறை இழுத்தும் பார்த்தேன். குழந்தைகளின் பாதுகாப்பு விஷயத்தில் எங்கள் குழு ஒரு குறையும் வைப்பதில்லை.